ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியை அடக்கும் என்றால் எனக்கு வெள்ளணு ஏன் இரண்டு மடங்கானது?

#1 காகிதப்படகு
தெரிந்தவர்கள் யாராவது விளக்குங்கள், இரண்டு நாளாக மண்டை குடைகிறது. ஆஸ்துமா திடீரென்று முற்றிப்போய் மருத்துவர் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தினம் 40 மி.கி. வீதம் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். நான்காம் நாள் வேறொரு காரணத்துக்காக ரத்தப் பரிசோதனை எடுத்தேன். மொத்த வெள்ளணு 14,800. மூன்று மாதம் முன்பு எடுத்த அறிக்கையில் 7,200தான். வெள்ளணு வகைகளில் நியூட்ரோஃபில் 84 சதவீதம், லிம்போசைட் 11, ஈசினோஃபில் பூஜ்யம் (எனக்கு எப்போதும் 6 இருக்கும்). இந்த மாத்திரை நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்கும் என்றுதான் எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அடக்கினால் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும்? இங்கே படை திரண்டு நிற்கிறது. காய்ச்சல் இல்லை, மூச்சும் இப்போது பரவாயில்லை. மருத்துவரை நாளை மறுநாள்தான் பார்க்க முடியும்.

#2 தென்றல்87
14,800 என்றால் எங்கோ தொற்று இருக்கிறது நண்பரே. எனக்கு ஒருமுறை 15,000 வந்தபோது நிமோனியா. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கலாமா என்று போனிலாவது கேட்டுவிடுங்கள்.

#3 நுண்ணோக்கிக்கண்
தென்றல், கொஞ்சம் பொறுங்கள். பதினேழு வருடமாக ஆய்வகத்தில் ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தம்) பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், காகிதப்படகு போட்டிருக்கும் எண்களைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி "ஸ்டீராய்டு எடுக்கிறீர்களா" என்பதுதான். நியூட்ரோஃபில் ஏறி, லிம்போசைட் இறங்கி, ஈசினோஃபில் காணாமலே போயிருந்தால் அது கிட்டத்தட்ட அந்த மாத்திரையின் கையெழுத்து.

விஷயம் இதுதான். ரத்தக்குழாயில் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழ பாதி ஓட்டத்தில் இருப்பதில்லை, குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக உருண்டுகொண்டிருக்கும். ஊசியில் நாங்கள் இழுக்கும் ரத்தத்தில் அவை வராது, எண்ணிக்கையிலும் சேராது. ஸ்டீராய்டு போனதும் அந்த ஒட்டும் தன்மை குறைகிறது, ஏனென்றால் சுவரைப் பிடிக்க உதவும் எல்-செலக்டின் என்ற புரதம் அணுவின் மேற்பரப்பில் குறைந்துவிடுகிறது. சுவரில் இருந்தவை எல்லாம் நடு ஓட்டத்துக்கு வந்துவிடும். அதோடு எலும்பு மஜ்ஜையும் கையிருப்பை வெளியே அனுப்புகிறது, வழக்கமாகச் சீக்கிரம் செத்துப்போகிற நியூட்ரோஃபில் கூடுதல் நேரம் உயிரோடு இருக்கிறது. உங்கள் பெயரை வைத்தே சொல்வதானால், கரையில் கட்டியிருந்த படகுகளை எல்லாம் அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஆற்றில் படகு கூடியது போலத் தெரியும். ஆனால் கரையில் இறங்க ஆளில்லை. அழற்சி உள்ள இடத்துக்குப் போக வேண்டுமானால் முதலில் சுவரைப் பிடிக்க வேண்டும், பிறகு சுவரைத் துளைத்து வெளியேற வேண்டும். பிடியே நழுவிவிட்டால் எண்ணிக்கை எவ்வளவு இருந்து என்ன.

லிம்போசைட்டும் முழுக்கச் சாகவில்லை. பெரும்பகுதி இடம் மாறி எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களில் போய் உட்கார்ந்திருக்கும். ஈசினோஃபில் கதை வேறு, அதில் நிறையவே உண்மையாகவே தற்கொலை செய்துகொள்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு அது நல்ல செய்தி. காய்ச்சலும் இல்லை என்கிறீர்கள், ஆகவே பயம் வேண்டாம்.

#4 முள்ளம்பன்றி
விளக்கம் அருமை, கடைசி வரி மட்டும் இடிக்கிறது. காய்ச்சலை ஏற்றுவதே இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்கள், அதாவது எதிர்ப்பு அணுக்கள் அனுப்பும் சேதிப் புரதங்கள்தானே, அவற்றைத்தானே இந்த மாத்திரை அமுக்குகிறது? அப்படியென்றால் ஸ்டீராய்டு எடுப்பவரிடம் "காய்ச்சல் இல்லை, ஆகவே தொற்று இல்லை" என்று எப்படிச் சொல்வது? மணியின் நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மணி அடிக்கவில்லை என்று நிம்மதியடைவது போல இருக்கிறது.

#5 நுண்ணோக்கிக்கண்
சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. ஸ்டீராய்டு காய்ச்சலையும் வலியையும் மூடி மறைக்கும், வயிற்றுக்குள் குடல் ஓட்டையானால்கூட வயிறு கல்லாகாமல் ஏமாற்றும். ஆகவே காகிதப்படகு, மருத்துவரைப் பார்க்கும்போது ஸ்மியரில் முதிராத நியூட்ரோஃபில்கள், அதாவது பேண்ட் அணுக்கள் எத்தனை என்று கேளுங்கள். ஸ்டீராய்டு மட்டும் காரணம் என்றால் பெரும்பாலும் முதிர்ந்த அணுக்களே இருக்கும். பேண்ட் கூடியிருந்தாலோ அணுவுக்குள் கரடுமுரடான துகள்கள் தெரிந்தாலோ தென்றல் சொன்னதைத் தேட வேண்டியதுதான். சளி நிறம் மாறினால், மூச்சு மறுபடி கெட்டால், நாளை மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்.

#6 காகிதப்படகு
இருவருக்கும் நன்றி. ஒரு அடிப்படைச் சந்தேகம். இந்த மாத்திரை நம் உடம்பில் சுரக்கும் கார்டிசாலின் நகல் என்கிறார்கள். அப்படியென்றால் உடம்பு தன் காவலைத் தானே அடக்குவதற்கு ஒரு ஹார்மோனை ஏன் வைத்திருக்கிறது? இதில் என்ன லாபம்?

#7 வேதிக்கிழவர்
நல்ல கேள்வி. வகுப்பில் முப்பது வருடம் இதை நடத்தியிருக்கிறேன், யாரும் இப்படி நேராகக் கேட்டதில்லை, குறிப்பு எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

யார் சொல்லிக் கார்டிசால் சுரக்கிறது என்று பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. கிருமி நுழைந்ததும் அதை விழுங்கும் மேக்ரோஃபேஜ் போன்ற அணுக்கள் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, டிஎன்எஃப் ஆகிய சைட்டோகைன்களை வெளியிடுகின்றன. இவை அங்கேயே நின்றுவிடுவதில்லை. இவற்றின் சேதி மூளையில் ஹைபோதலாமஸ் வரை போகிறது. ஹைபோதலாமஸ் அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி ஏசிடிஎச் என்ற ஹார்மோன் வழியாகச் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது, அட்ரினல் கார்டிசாலைச் சுரக்கிறது, கார்டிசால் வந்து அந்த மேக்ரோஃபேஜின் வாயையே மூடுகிறது. அதாவது தீயை மூட்டியவனே தண்ணீருக்கும் ஆள் அனுப்பிவிடுகிறான். நோய் எதிர்ப்பு வினை நடக்கும்போது விலங்குகளின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் ஏறுகிறது என்பதை பெசடோவ்ஸ்கியின் குழு 1975ல் காட்டியது.

எதற்காக என்றால், அழற்சியைக் கட்டுப்படுத்த ஆளில்லாவிட்டால் அது எல்லை மீறிவிடும். கிருமியைக் கொல்ல நியூட்ரோஃபில் கக்கும் நொதிகளுக்கும் ரசாயனங்களுக்கும் நம் திசு எது, கிருமி எது என்ற பேதம் கிடையாது. 1984ல் ஆலன் மங்க்கும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையையே திருப்பிப் போட்டது. நெருக்கடியில் கார்டிசால் ஏறுவது நெருக்கடியிலிருந்து நம்மைக் காப்பதற்கு என்று அதுவரை நினைத்திருந்தார்கள். மங்க் சொன்னது, நெருக்கடிக்கு உடல் காட்டும் பதில் எல்லை மீறி நம்மையே அழித்துவிடாமல் காப்பதற்கு என்று.

இனி அணுவுக்குள். கார்டிசால் கொழுப்பில் கரையும், ஆகவே அணுச்சவ்வைத் தட்டிக் கேட்காமலே உள்ளே போய்விடும். உள்ளே அதற்கான ஏற்பி, ஹெச்எஸ்பி90 போன்ற துணைப் புரதங்களோடு சோம்பிக் கிடக்கும். கார்டிசால் வந்து பொருந்தியதும் ஏற்பி அவற்றை உதறிவிட்டு உட்கருவுக்குள் போகிறது. அங்கே இரண்டு வேலை. ஒன்று, என்எஃப் கப்பா பி, ஏபி-1 என்று இரண்டு புரதங்கள் உண்டு, அழற்சி மரபணுக்களை எழுப்பிவிடுவதே அவற்றின் தொழில், அவற்றைப் போய் முடக்குகிறது. இன்னொன்று, அனெக்சின்-ஏ1, கில்ஸ் போன்ற அடக்கும் புரதங்களின் மரபணுக்களை எழுப்புகிறது. இபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் தூண்டும் பொருட்களைச் செய்யும் காக்ஸ் நொதியை, அது ஏற்கெனவே தயாரான பிறகு அடைக்கிறது, ஸ்டீராய்டு காக்ஸ்-2 நொதியைத் தயாரிக்கும் உத்தரவையே நிறுத்துகிறது. மரபணு வழியாக வேலை நடப்பதால்தான் தாமதம். ஆஸ்துமா முற்றிய நேரத்தில் ஊசியாகவே போட்டாலும் முழுப் பலன் தெரியச் சில மணி நேரம் ஆகிறதல்லவா, அதற்கு இதுவே காரணம்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். உடல் ஒரு நாளைக்குச் சுரக்கும் கார்டிசால் சுமார் 10 முதல் 20 மி.கி. பிரெட்னிசோலோன் 5 மி.கி. என்பது கார்டிசால் 20 மி.கி.க்குச் சமம். ஆக உங்கள் 40 மி.கி. என்பது 160 மி.கி. இயற்கை வைத்திருக்கும் பிரேக்கை நீங்கள் குறைந்தது எட்டு மடங்கு அழுத்தி மிதித்திருக்கிறீர்கள். அந்த அளவில் நடப்பதைப் பார்த்துவிட்டு "கார்டிசால் என்றாலே எதிர்ப்பு சக்தியை நாசமாக்குவது" என்று சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

#8 முள்ளம்பன்றி
ஐயா, நான் மறுபடி குத்த வருகிறேன். மன அழுத்தம் வந்தால் கார்டிசால் ஏறும் என்கிறார்கள். கார்டிசால் அழற்சியை அடக்கும் என்கிறீர்கள். அப்படியானால் வருடக்கணக்கில் கவலையில் இருப்பவர் அழற்சியே இல்லாமல் இருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்குத்தான் அழற்சிக் குறியீடுகள் கூடுதல் என்றும் படிக்கிறோம், அவர்களுக்குத்தான் அடிக்கடி சளி பிடிக்கிறது, புண்ணும் ஆறுவதில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும்?

#9 எலிப்பொறி
பல நாளாக ஓரமாக உட்கார்ந்து வாசிப்பவன், இந்தக் கேள்வி என்னை எழுத வைத்துவிட்டது. நான் ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு காலம் தள்ளுபவன்.

முள்ளம்பன்றி கேட்பதற்குப் பதில் ஹார்மோன் அளவில் இல்லை, அணுவின் காதில் இருக்கிறது. ஒரே சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டால் காது மரத்துப்போவது போல, கார்டிசால் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் நோய் எதிர்ப்பு அணுக்களின் ஏற்பிகள் அதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. ஷெல்டன் கோஹன் என்பவர் 1991ல் ஒரு சோதனையை வெளியிட்டார், தாமாக முன்வந்தவர்களின் மூக்கில் சளி வைரஸை விட்டு, தனியாக வைத்துக் கவனித்தது. மன அழுத்தம் கூடக்கூட சளி பிடிக்கும் வாய்ப்பும் படிப்படியாகக் கூடியது. அவரே 2012ல் வெளியிட்டது இன்னும் சுவாரஸ்யம். சளி பிடித்ததா இல்லையா என்பதற்கும் ரத்தத்தில் ஓடிய கார்டிசால் அளவுக்கும் தொடர்பில்லை. வெள்ளணுக்கள் கார்டிசாலுக்கு எவ்வளவு அடங்குகின்றன என்பதற்குத்தான் தொடர்பு. அடங்காதவர்களுக்கே சளி. சளியில் நாம் படும் அவதியில் பெரும்பகுதி வைரஸ் செய்வதில்லை, நம் அழற்சி செய்வது, ஆகவே இது பொருந்துகிறது.

புண் ஆறாததும் உண்மைதான். மறதி நோயாளிகளைப் பராமரிக்கும் உறவினர்களின் தோலில் சிறு காயம் ஏற்படுத்திப் பார்த்த ஆய்வு 1995ல் வந்தது, மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகம் பிடித்தது. காயம் ஆற முதல் சில நாட்களுக்கு அளவான அழற்சி வேண்டும். அது வர வேண்டிய நேரத்தில் வராமல், அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமல் போவதுதான் தொல்லை.

பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் இனத்தாரிடமிருந்தே, அதாவது எலிகளிடமிருந்தே, ஒரு சாட்சி. லூயிஸ், ஃபிஷர் என்று இரண்டு எலி வகைகள். ஒரு பாக்டீரியாவின் சுவர்த்துண்டுகளை இரண்டுக்கும் ஊசி போட்டால் லூயிஸுக்கு மூட்டுகள் வீங்கிவிடும், ஃபிஷருக்கு ஒன்றும் பெரிதாக ஆகாது. 1989ல் எஸ்தர் ஸ்டெர்ன்பெர்க் குழு காரணத்தைப் பிடித்தது. லூயிஸின் ஹைபோதலாமஸ் அழற்சிச் செய்திக்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை, கார்டிசால் வகை ஹார்மோன் போதிய அளவு ஏறுவதில்லை. சரி, இது வெறும் தற்செயலாக இருக்கலாமே? அதனால் தடுக்கும் பக்கத்தைக் கெடுத்துப் பார்த்தார்கள். ஃபிஷர் எலிக்கு ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்ததும் அதுவும் கடுமையான அழற்சியில் விழுந்தது. லூயிஸுக்கு வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்ததும் அடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று, எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

#10 பச்சிலை
எல்லாம் சரி, இத்தனை ஆபத்து இருக்கும் ரசாயனத்தை ஏன் விழுங்க வேண்டும்? என் உறவினர் இரண்டு வருடமாகத் தினம் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், முகம் நிலா போல வீங்கிவிட்டது, போன வாரம் நானே எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டேன். உடம்பு தானே சுரந்துகொள்ளும்.

#11 வேதிக்கிழவர்
பச்சிலை, இந்த இழையை இப்போதே மூடிவிட்டு அவரை அழைத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கோபமாக எழுதுகிறேன் என்றால் ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். வெளியிலிருந்து ஹார்மோன் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி "போதும்" என்று ஏசிடிஎச்சை நிறுத்திவிடும். அட்ரினல் வேலையில்லாமல் சுருங்கிப்போயிருக்கும். மூன்று, நான்கு வாரத்துக்கு மேல் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானே சுரந்துகொள்ளாது, மீள மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து. வாந்தி, தலைசுற்றல், தாங்க முடியாத அசதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

#12 பச்சிலை
அசதி என்று நேற்றே சொன்னார். போன் செய்கிறேன்.

#13 இரவுவிழிப்பு
பதினோரு வருடமாக முடக்குவாதம் (எதிர்ப்பு அணுக்களே மூட்டுகளைத் தாக்கும் நோய்) உள்ளவள் நான். கார்டிசால் என்றதும் என் விடியற்காலை ஞாபகம் வருகிறது. தூங்கும்போது ஒன்றும் தெரியாது, எழுந்ததும் விரல்கள் மரக்கட்டை, ஒரு மணி நேரம் பொத்தான் போட முடியாது. என் மருத்துவர் சொன்ன விளக்கம்: நள்ளிரவில் கார்டிசால் அடிமட்டத்தில் இருக்கும், விழிக்கும் நேரத்தை ஒட்டித்தான் உச்சிக்கு வரும், அந்த இடைவெளியில் இன்டர்லூகின்-6 முன்னால் ஓடிவிடுகிறது. இரவில் விழுங்கி, பின்னிரவு 2 மணிவாக்கில் உள்ளே கரையும் பிரெட்னிசோன் மாத்திரைகூட இதற்காகவே செய்திருக்கிறார்களாம். ஆஸ்துமாக்காரர்களுக்குப் பின்னிரவில் இழுப்பு கூடுவதிலும் இதற்குப் பங்குண்டு என்றார்.

நான் கேட்க வந்தது இன்னொன்று. கர்ப்பமாக இருந்தபோது நான்காம் மாதத்திலிருந்து வலி காணாமல் போய்விட்டது. மாத்திரையே இல்லாமல். பிரசவமாகி ஆறாவது வாரம் எல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது, குழந்தையைத் தூக்க முடியாமல் அழுதிருக்கிறேன். அது எந்த ஹார்மோன்?

#14 வேதிக்கிழவர்
அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்துத்தான் இந்த மருந்தே பிறந்தது. 1929ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் ஒரு முடக்குவாத நோயாளிக்கு மஞ்சள் காமாலை வந்ததும் மூட்டு வலி குறைவதைக் கவனித்தார். பிறகு கர்ப்பத்திலும் அப்படியே ஆவதைக் கண்டார். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஏதோ ஒரு பொருள் உடம்பிலேயே இருக்கிறது என்று ஊகித்து வருடக்கணக்கில் தேடினார். அதே இடத்தில் வேதியியலாளர் எட்வர்ட் கெண்டல் அட்ரினலிலிருந்து பிரித்து வைத்திருந்த "ஈ" என்ற சேர்மத்தை 1948 செப்டம்பரில் ஒரு பெண்ணுக்கு ஊசியாகப் போட்டார்கள். நடக்கத் தடுமாறியவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். அதுதான் கார்டிசோன், உடம்புக்குள் போய்க் கார்டிசாலாக மாறுவது. 1950ல் ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தில் அட்ரினல் ஹார்மோன்களை ஆராய்ந்த ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல். அந்த வேகத்தில் கொடுத்த அளவும் அதிகம், பின்விளைவுகளும் அதே வேகத்தில் வந்து சேர்ந்தன, அது தனிக் கதை.

#15 எலிப்பொறி
இரவுவிழிப்பு அக்கா, ஒரே ஹார்மோனைக் கைகாட்ட முடியாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கார்டிசால் இரண்டு மூன்று மடங்காகிறது, நஞ்சுக்கொடி புரோஜெஸ்ட்ரான், ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்களைக் கொட்டுகிறது. லிம்போசைட்டில் ஒரு வகையான டி-அணுக்களில், தாக்கும் வகை அடங்கி, அடக்கும் வகை டி-அணுக்கள் தலையெடுக்கின்றன, பாதித் தகப்பன் மரபணுவோடு வளரும் குழந்தையைத் தாயின் உடல் தள்ளிவிடாமல் இருக்க இதெல்லாம் உதவுகிறது. பிரசவமானதும் சில நாட்களில் எல்லா ஹார்மோனும் தடாலென்று விழுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எதிர்ப்பு அணுக்கள் நரம்பின் உறையைத் தாக்கும் நோய்) உள்ள பெண்களிடமும் இதே வரைபடம்தான், 1998ல் வந்த ஐரோப்பிய ஆய்வில் கடைசி மூன்று மாதத்தில் நோய் மீளெழுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் முன்பிருந்ததைவிட ஏறியது.

ஆனால் லூபஸ் என்ற, உடலின் எதிர்ப்பொருள்கள் உடலையே தாக்கும் நோய் இந்த விதிக்கு அடங்காது, கர்ப்பத்தில் கூடலாம். ஈஸ்ட்ரோஜன் இரட்டை நாக்குக்காரி, ஒரு பக்கம் டி-அணுவை அமைதிப்படுத்திக்கொண்டே இன்னொரு பக்கம் இன்னொரு வகை லிம்போசைட்டான பி-அணுவை எதிர்ப்பொருள் செய்யத் தூண்டுவாள். லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பொதுவாக அடக்கும் பக்கம், 2014ல் ஒரு ஆய்வில் அது அதிகமுள்ள ஆண்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி குறைவாகவே பிடித்தது.

#16 தென்றல்87
அன்று அவசரப்பட்டதற்கு மன்னிக்கவும் காகிதப்படகு. ஆனால் ஒன்று உறுத்துகிறது. தொற்று இருந்தால் ஸ்டீராய்டு ஆபத்து என்கிறீர்கள். கோவிட் தொற்றுதானே, அதற்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பிழைத்தார்களே?

#17 நுண்ணோக்கிக்கண்
பிரிட்டனில் 2020ல் நடந்த ரெக்கவரி ஆய்வு அது. தினம் 6 மி.கி., அதிகபட்சம் 10 நாள். 28 நாளைக்குள் இறந்தவர்கள்: வென்டிலேட்டரில் இருந்தவர்களில் மருந்து இல்லாமல் 41.4 சதவீதம், மருந்தோடு 29.3. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 என்பது 23.3 ஆனது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை, எண் கொஞ்சம் எதிர்ப்பக்கம்கூடச் சாய்ந்தது, 14.0க்குப் பதில் 17.8. அதே மருந்து, அதே அளவு. முதல் வாரத்தில் வைரஸோடு சண்டை நடக்கும்போது படையைக் கட்டிப்போட்டால் வைரஸுக்குக் கொண்டாட்டம். வைரஸ் ஓய்ந்து படை நுரையீரலையே கொளுத்தும்போது கட்டிப்போட்டால் ஆள் பிழைக்கிறார். காய்ச்சல் வந்த முதல் நாளே பயத்தில் வாங்கி விழுங்கியவர்களை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது.

#18 பச்சிலை
உறவினரைச் சேர்த்திருக்கிறோம். ரத்தத்தில் சோடியம் குறைந்து, அழுத்தம் 80க்கு வந்திருந்தது. ஊசியாக ஹைட்ரோகார்டிசோன், அதாவது மருந்து வடிவக் கார்டிசால் போட்டார்கள், சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார். இனி மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்களாம். ஐயாவுக்கு நன்றி. மேலே நான் எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

#19 காகிதப்படகு
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஸ்மியரில் பேண்ட் அணுக்கள் இல்லை, நெஞ்சும் தெளிவு, தொற்று இல்லை என்றார் மருத்துவர். ஐந்து நாள்தான் என்பதால் குறைத்துக் குறைத்து நிறுத்தத் தேவையில்லை என்று அப்படியே நிறுத்திவிட்டார். நேற்று எடுத்த அறிக்கை: மொத்தம் 7,600, லிம்போசைட் 31. ஈசினோஃபில் 5க்குத் திரும்பியாயிற்று, கூடவே காலைத் தும்மலும் திரும்பியாயிற்று. இப்போது இன்ஹேலர் ஸ்டீராய்டு மட்டும்.

#20 நுண்ணோக்கிக்கண்
படகெல்லாம் கரைக்கு வந்துவிட்டது. இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிக்கிறீர்கள்தானே?

#21 காகிதப்படகு
நான்கு வருடமாகக் கொப்பளிக்கிறேன், அட்டையில் போட்டிருக்கிறது என்பதற்காக. வாய்க்குள் படிகிற மருந்து அங்கே இருக்கும் காவலையும் அடக்கிவிடும், அந்தச் சந்தில் பூஞ்சை முளைக்கும், அதற்காகத்தானா?

#22 நுண்ணோக்கிக்கண்
அதற்காகத்தான்.